குரு சாப்பிட்ட பப்ஸ்

சென்னியப்பன் தன் குருவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கேட்டிருக்கவே வேண்டாம் என்று மறுநாள் பத்தே முக்கால் மணிக்கெல்லாம் அவருக்குத் தோன்றிவிட்டது. ஆனால் கேட்டது கேட்டதுதான்.

குரு என்றதும் வெள்ளைத் தாடியைத் தேட வேண்டாம். இந்த குருவுக்கு வயது முப்பத்தைந்து, பெயர் சுகந்தி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங் பிரிவில் நின்றவர். தைத்து வரும் பனியனை விளக்குக்கு அடியில் விரித்து, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று பார்ப்பது வேலை. ஒரு நாள் அதை விட்டுவிட்டு ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் போய் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தவரைப் பார்க்க நாலு பேர் வந்தார்கள். பிறகு நாற்பது பேர் வந்தார்கள். வீட்டுக்குக் குடில் என்று பெயர் விழுந்தது.

சென்னியப்பனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். வெளிநாட்டு பையர் கேட்ட சட்டை, கேட்ட நிறத்தில், கேட்ட தேதியில் கப்பல் ஏறுகிறதா என்று பார்ப்பது அவர் பாடு. குருவைவிட பதின்மூன்று வயது மூத்த சீடர் என்பதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார். இரண்டு பேருக்கும் அது சரியாகவே இருந்தது.

சரியாக இல்லாதது அவருடைய சாப்பாடுதான். காலையில் வெறும் டீ. பத்தரைக்கு மேல் மெயில் பார்த்துக்கொண்டே பப்ஸ். அதற்குப் பிறகு டீ, பிஸ்கட், டீ, வடை, டீ. மதியச் சாப்பாடு மாலை நாலு மணிக்கு, காரில், ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் பரோட்டாவுமாக. மனைவி வடிவு கட்டிக்கொடுத்த டிபன் கேரியர் போன கனத்தோடு வீடு திரும்பும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த வடிவு, கட்டுவதையே நிறுத்திவிட்டார். சர்க்கரையைப் பார்த்த டாக்டர், இப்படியே போவதாக இருந்தால் அடுத்த வருடம் வேறு டாக்டரைப் பாருங்கள், எனக்கு மனசு கேட்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

"என்ன சாப்பிடணும்னு எனக்குத் தெரியாம இல்லீங்கம்மா. ஊருக்கே தெரியும். ஆனா முடியலீங்க. நேரம் எங்கீங்க இருக்குது?"

சுகந்தியம்மா அதற்கு ஒரு வழி சொன்னார்.

"ஒரு மண்டலம் நீங்க சாப்பிடறதையே நானும் சாப்பிடறனுங்கண்ணா. என்ன சாப்பிட்டீங்க, எப்பச் சாப்பிட்டீங்க, எப்படிச் சாப்பிட்டீங்கன்னு போன்ல ஒரு வரி அனுப்புங்க. அதே மாதிரி நான் சாப்பிட்டுக்கறேன்."

அப்படியானால் நான் நாளையிலிருந்தே மாற்றிக்கொள்கிறேன் என்று சென்னியப்பன் அவசரமாகச் சொன்னார். மாற்றிக்கொள்ளச் சொல்லி யார் கேட்டார்கள் என்றார் குரு. எப்போதும் போலவே இருங்கள், நாற்பத்தெட்டு நாள் உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான் என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. டீயோடு கிளம்பிய சென்னியப்பன், மறக்காமல் தகவல் அனுப்பினார். பத்தே முக்காலுக்கு இரண்டாவது தகவல் போனது. முட்டை பப்ஸ் ஒன்று.

"எப்படிங்கண்ணா?" என்று பதில் வந்தது.

மெயில் பார்த்துக்கொண்டே என்று எழுதினார். எழுதும்போதே விரல் கூசியது.

குடிலில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அவர் பிறகுதான் கேள்விப்பட்டார். குடிலில் சமைப்பவர் ராமாத்தாள். அறுபது வயது, வாய் கொஞ்சம் நீளம், கைப்பக்குவம் அதைவிட நீளம். அந்த அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு ஊத்துக்குளி பேக்கரிக்குப் போய் முட்டை பப்ஸ் வாங்கிவந்தார். மெயிலுக்கு எங்கே போவது? குடிலில் கம்ப்யூட்டர் கிடையாது. சுகந்தியம்மா கரண்ட் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, அதை ஒன்றுக்கு மூன்று முறை வாசித்தபடி பப்ஸைத் தின்று முடித்தார். பப்ஸின் பொடி அத்தனையும் பில்லில் விழுந்தது.

நாலு மணிக்குக் காரில் பரோட்டா என்று தகவல் வந்தபோது குடிலே கூடி யோசித்தது. கடைசியில் பால் எடுக்க வரும் ஆட்டோவில் சுகந்தியம்மா ஏறிக்கொண்டார். ஆட்டோ ஊரை ஒரு சுற்றுச் சுற்றியது. பள்ளம் வரும்போதெல்லாம் சால்னா சேலையில் கொட்டியது. இறங்கி வந்தவர், வண்டி ஓட்டிக்கொண்டே இதைச் சாப்பிடுகிற அண்ணன் பெரிய வித்தைக்காரர்தான் என்று மனதாரச் சொன்னாராம்.

புதன்கிழமை சென்னியப்பன் போனில் பேசிக்கொண்டே வடை தின்றார். குடிலில் குரு தன் சித்திக்குப் போன் போட்டு, அவர் சொன்னதற்கெல்லாம் வாயில் வடையோடு "ம்" கொட்டினார். சித்தி என்ன சொன்னார் என்றும் குருவுக்குத் தெரியவில்லை, தான் என்ன தின்றோம் என்றும் தெரியவில்லை. சித்தி மட்டும் இரண்டு நாள் கோபமாக இருந்தார்.

ஐந்தாம் நாள் ராமாத்தாள் போன் செய்தார்.

"ஏந்தம்பி, அம்மாவுக்கு நேத்துலருந்து நெஞ்செரிச்சல். வயிறு உப்பிக் கெடக்குது. ராப்பூரா தூக்கமில்ல. இதயா நீங்க வருசக்கணக்கா தின்னுட்டிருக்கறீங்க?"

சென்னியப்பனுக்கும் வருடக்கணக்காக அதே நெஞ்செரிச்சல் உண்டு. மேசை இழுப்பறையில் அதற்கு ஒரு மாத்திரை அட்டை நிரந்தரமாக இருந்தது. தனக்கு எரிந்தபோது மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தவருக்கு, குருவுக்கு எரிகிறது என்று கேட்டதும் வேலையே ஓடவில்லை. அவரை வருத்துவதற்கா அவரிடம் போனேன் என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் வடிவிடம் நாளைக்குச் சாப்பாடு கட்டித் தர முடியுமா என்று கேட்டார். வடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். குருவுக்கு என்றார் சென்னியப்பன். எப்படிப் பார்த்தாலும் அது உண்மைதான்.

ஆறாம் நாள் கேரியரில் அரிசிம்பருப்பு சாதமும் அவரைக்காய்ப் பொரியலும் மோரும் இருந்தன. ஒரு மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு அவர் தன் அறையிலேயே சுற்றிச் சுற்றி வந்தார். மேசையில் மெயில். சாம்பிள் அறையில் துணி விரித்திருக்கிறது, சோற்றோடு உள்ளே வந்தால் கட்டிங் மாஸ்டர் மேனேஜர் என்றும் பார்க்க மாட்டார். கடைசியில் தையல்காரர்கள் சாப்பிடும் கேன்டீனுக்கு இறங்கினார். பத்தொன்பது வருடத்தில் அவர் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பெஞ்சில் இருந்தவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். யாரையோ திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அவர் கேரியரைத் திறந்ததும், பட்டன் துளை போடும் காஜா மெஷினில் உட்காரும் துளசிமணி தன் டப்பாவிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்து மூடியில் வைத்து நகர்த்தினார். நீங்கள் சாப்பிட்டு நாங்கள் பார்த்ததே இல்லை, டீயில் ஓடுகிறவர் என்றல்லவா நினைத்தோம் என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சென்னியப்பனும் சிரித்தார். அரை மணி நேரம் கழித்து மேலே போனபோது, அவர் இல்லாததை மெயில்கள் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

அரிசிம்பருப்பு சாதம், ஒரு மணிக்கு, கேன்டீனில் எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டு என்று எழுதி அனுப்பினார்.

குடிலில் சாப்பிடும்போது யாரும் பேசுவதில்லை. அது வெகுநாள் வழக்கம். அன்றைக்கு சுகந்தியம்மா அந்த வழக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பேசுங்கள், அண்ணன் பேசிக்கொண்டுதான் சாப்பிட்டாராம் என்றார். முதலில் எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு ராமாத்தாள் ஆட்டோ சவாரியை நடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அங்கே யாருக்கும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை, அத்தனை சிரிப்பு.

இருபத்தொன்பதாம் நாள் வரைக்கும் இப்படியே போனது. கம்பங்கூழ், கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடைசல், சந்தகை. வடிவு கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கேரியர் காலியாக வந்துகொண்டே இருந்தது. கழுவும்போது வடிவு பாட்டு முணுமுணுக்கிறார் என்பதைச் சென்னியப்பன் கவனித்தார். மாத்திரை அட்டையைத் தேடி இழுப்பறையைத் திறந்தே வெகு நாளாகியிருந்தது.

முப்பதாம் நாள் வடிவு, தங்கை மகளின் பிரசவத்துக்காகத் தாராபுரம் போனார். வர பத்து நாளாகும், கேன்டீனில் வாங்கிச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னியப்பனும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அன்று காலையில் பையர் ஷிப்மென்ட் தேதியை ஒரு வாரம் முன்னே நகர்த்திவிட்டார். அப்புறம் எங்கே கேன்டீன்? காலையிலிருந்து டீ. மூன்று மணிக்கு மேசையில் ஒரு பொட்டலம் இருந்தது. அதை யார் வைத்தார்கள், எப்போது பிரித்தார், எப்போது முடித்தார் என்பதெல்லாம் அவருக்கே தெரியாது.

போனைக் கையில் எடுத்தார். உள்ளதை எழுதினால் ராமாத்தாள் மொபெட்டை எடுப்பார். குருவுக்கு மறுபடி நெஞ்சு எரியும். அவருக்கு மனம் வரவில்லை.

'பச்சைப்பயறு கடைசல், சோறு, மோர். ஒரு மணி. கேன்டீன்' என்று எழுதி அனுப்பினார்.

"நல்லா இருந்துச்சுங்கண்ணா" என்று மாலையில் பதில் வந்தது.

பொய்யில் முதல் பொய்தான் கஷ்டம். இரண்டாம் நாள் கொள்ளு ரசம் அனுப்பினார். மூன்றாம் நாள் கொஞ்சம் தாராளமாகி, ரசத்தில் பூண்டு தூக்கலாக இருந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ்தான், ஞாயிறாயிற்றே என்று அன்றைக்குச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் அனுப்பினார். என்ன எழுதலாம் என்று யோசிப்பதில் அவருக்கு ஓர் இன்பமே வந்துவிட்டது. வடிவின் சமையல் ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்து எழுதினார். அங்கே குரு நல்ல சாப்பாடு சாப்பிடுகிறார், இங்கே ஷிப்மென்டும் நடக்கிறது, இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். இழுப்பறையை மட்டும் மறுபடி அடிக்கடி திறக்க வேண்டியிருந்தது.

இப்படி ஒன்பது நாள்.

முப்பத்தொன்பதாம் நாள் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் ஞானவேல் என்பவர் சரக்கோடு வந்தார். சட்டையின் நெஞ்சில் ஒரு சிவப்புக் கப்பல் அச்சாக வேண்டும். ஞானவேல் முதலில் காட்டிய சாம்பிளில் கப்பல் செக்கச்செவேல் என்று இருந்தது. அதை பையர் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தார். இப்போது பெட்டியில் வந்திருந்த சட்டைகளில் கப்பல் வெளுத்துப்போன ரோஜா நிறத்தில் மிதந்தது.

சென்னியப்பனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஏனுங்க, காட்டறது ஒண்ணு, அனுப்பறது ஒண்ணா? நல்லதைக் கண்ணுல காட்டி நம்ப வெச்சுப்போட்டு, பெட்டிக்குள்ள இதை வெச்சு அனுப்பறீங்களே, உங்களுக்கு..."

தன் இடது கையைப் பார்த்தார். அதில் பாதி தின்ற பப்ஸ் இருந்தது.

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சுருங்கிவிட்டது. ஞானவேல் பயந்துபோனார். திட்டுங்கள், பரவாயில்லை, திரும்ப அச்சடித்துத் தந்துவிடுகிறேன் என்றார். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு சென்னியப்பன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஊத்துக்குளி போகும் வழியில் இரண்டு தடவை காரை ஓரங்கட்டினார். பொய் சொன்னதை ஒப்புக்கொள்வது கூட அவருக்குப் பெரிதாக இல்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அவருக்குக் குருவைத் தெரியும். சொன்ன சொல்லில் நூல் அளவு விட மாட்டார். உண்மையைச் சொன்னால், விட்டுப்போன ஒன்பது நாள் பண்டத்தையும் வரவழைத்து வைத்துச் சாப்பிட்டே தீர்ப்பார். நாலைந்து நாளுக்கே அந்த வயிறு என்ன பாடுபட்டது என்று ராமாத்தாள் சொல்லிக் கேட்டவர் அவர். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு அந்த ரோஜா நிறக் கப்பல் நினைவுக்கு வந்தது. காரைக் கிளப்பினார்.

குடிலில் அப்போதுதான் சாப்பாட்டுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் ஒளிக்கவில்லை. ராமாத்தாள் கையில் கரண்டியோடு வந்து நின்று கேட்டார்.

"பூண்டு தூக்கலா இருந்துச்சுன்னீங்களே தம்பி. நான் அதுக்குன்னு நாலு பல்லு கூடப் போட்டேன்" என்றார் ராமாத்தாள். கோபத்தைவிட அந்த வருத்தம்தான் சென்னியப்பனைச் சுட்டது.

சுகந்தியம்மா எழுந்தார். உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்து உட்கார்ந்தார். சென்னியப்பன் எதற்குப் பயந்தாரோ அது வந்துவிட்டது.

"ஒம்பது நாளுங்களா?"

"ஆமாங்கம்மா."

"சொல்லுங்க. மொத நாள் என்ன சாப்பிட்டீங்க?"

"வேண்டாங்கம்மா. தப்பு என்னோடது. நீங்க அதைச் சாப்பிடக் கூடாதுங்க."

"சாப்பிடறேன்னு சொல்லியிருக்கறனுங்கண்ணா. மொத நாள்?"

"பப்ஸுன்னு நினைக்கறனுங்க."

"முட்டையா, காய் வெச்சதா?"



"தெரியலீங்க."

"எத்தனை?"

"தெரியலீங்கம்மா."

"சரி, ரெண்டாம் நாள்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடினார். பையர் அனுப்பிய மெயில் ஞாபகம் வந்தது. அதற்குத் தான் எழுதிய பதில் வரிக்கு வரி ஞாபகம் வந்தது. அன்றைக்கு வாய்க்குள் போனது எதுவும் ஞாபகம் வரவில்லை.

"ஆறாம் நாள்?"

"அன்னைக்குச் சந்தகைங்க. தேங்காய்ப்பால் ஊத்தி, ஏலக்காய் தட்டிப் போட்டு..."

"அது நான் சாப்பிட்டதுங்கண்ணா. நீங்க?"

சென்னியப்பனுக்கு நாலாம் நாள் அவரைக்காய்ப் பொரியல், ஏழாம் நாள் கம்பங்கூழுக்குச் சின்ன வெங்காயம் என்று பொய் அத்தனையும் ருசியோடு வரிசையாக வந்து நின்றது. நெஞ்செரிச்சலும் ஞாபகம் இருந்தது. தின்றது மட்டும் ஒன்றுகூட இல்லை. இத்தனை வருடம் தின்றதையும் யாராவது தாளை எடுத்துக்கொண்டு கேட்டால் இதே கதைதான் என்று அவருக்கு விளங்கியது.

"ஒண்ணுமே ஞாபகம் இல்லீங்கம்மா."

தாளில் ஒரு வரியும் விழவில்லை. சுகந்தியம்மா பேனாவை மூடினார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்லப் பரவியது. பாயில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். ராமாத்தாளைப் பார்த்து இன்னொரு தட்டு என்று கைகாட்டினார்.

"அப்படின்னா ஒம்பது நாளா நான் ஒருத்திதான் சாப்பிட்டிருக்கறேன். உங்களுக்குப் பசிக்குமேங்கண்ணா. உக்காருங்க."